சிறு வழக்கு, பெரிய தடை: வெளிநாடு போக விரும்பும் எல்லைத் தமிழர்கள் தெரிந்து கொள்ள வேண்டியவை

மூணாறில் இருந்து நெடும்பாசேரி விமான நிலையம் ஏறத்தாழ 110 கிலோமீட்டர் தூரம். பாலக்காட்டுக்காரர்களுக்குக் கோவை விமான நிலையம் அதை விடப் பக்கம். தேயிலைத் தோட்ட லயங்களில் பிறந்த பிள்ளைகளும், சித்தூர் தாலுகா விவசாயக் குடும்பங்களின் பிள்ளைகளும் டிரைவராக, எலக்ட்ரீஷியனாக, நர்சாகக் கடல் கடந்து போய் வருவது இன்று புதிய செய்தி அல்ல.

ஆனால் எல்லோருக்கும் அந்தப் பயணம் எளிதாக அமைவதில்லை. பணம் கட்டி, வேலை உறுதியாகி, பெட்டி வாங்கிய பிறகு சிலருடைய பயணம் போலீஸ் விசாரணையில் நின்று விடுகிறது. எப்போதோ பதிவாகி, சம்பந்தப்பட்டவரே மறந்து போன ஒரு வழக்கு அதற்குக் காரணமாக இருக்கும்.

"கேஸ் இருந்தால் வெளிநாடு போகவே முடியாது" என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். "அதெல்லாம் ஒன்றும் இல்லை, எழுதாமல் விட்டால் யாருக்குத் தெரியப் போகிறது" என்று மற்றொரு சாரார் சொல்கிறார்கள். இரண்டும் தவறு. இரண்டாவது யோசனை ஆபத்தானதும் கூட.

எல்லையில் பிறக்கும் வழக்குகள்

வாளையார், வேலந்தாவளம், கோபாலபுரம், கோவிந்தாபுரம் என்று பாலக்காடு பக்கமும், சின்னாறு, போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி என்று இடுக்கி பக்கமும் சோதனைச் சாவடிகள் வரிசையாக இருக்கின்றன. ஒரு பக்கம் வீடும் மறு பக்கம் வேலையுமாக வாழ்கிறவர்கள் இங்கே ஏராளம். தேனி மாவட்டத்தில் இருந்து ஜீப்பில் ஏறி ஏலத்தோட்டத்துக்கு வந்து, பொழுது சாய வீடு திரும்பும் பெண்கள் எத்தனையோ பேர்.

இரண்டு மாநிலச் சட்டங்களுக்கு நடுவே வாழ்கிறவர்களுக்கு வழக்குகளும் அப்படியே வந்து சேருகின்றன. தமிழ்நாட்டில் கடையில் காசு கொடுத்து வாங்கிய மதுவாக இருந்தாலும், அனுமதி இல்லாமல் கேரளத்துக்குள் கொண்டு வருவது அப்காரிச் சட்டப்படி குற்றம். அந்தச் சட்டத்தின் கடுமையான பிரிவில் 10 ஆண்டு வரை சிறையும், 1 லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதமும் உண்டு. கஞ்சாவில் 1 கிலோ வரை "சிறிய அளவு" என்று சட்டம் கூறினாலும், அதற்கும் ஓராண்டு வரை சிறையோ 10 ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம்.

ரெயில் பாதையைக் குறுக்கே கடந்தால் 1989-ம் ஆண்டு ரெயில்வே சட்டத்தின் 147-வது பிரிவு. காரணம் இல்லாமல் அபாயச் சங்கிலியை இழுத்தால் 141-வது பிரிவு. பொது இடத்தில் குடித்துவிட்டுத் தகராறு செய்தால் கேரள போலீஸ் சட்டம். கூலி உயர்வுக்கும் போனசுக்கும் சாலை மறியல் செய்தால் சட்டவிரோதமாகக் கூடிய வழக்கு. 2020-ம் ஆண்டு கொரோனா ஊரடங்கின்போது பாஸ் இல்லாமல் எல்லையைக் கடந்தவர்கள் மீதும் வழக்குகள் பதிவாயின.

இவற்றில் பெரும்பாலானவை கொலையோ கொள்ளையோ அல்ல. ஆனாலும் குற்ற வழக்கு குற்ற வழக்குதான்.

சம்மன் வாரண்டாக மாறும் கதை

பூப்பாறைப் பக்கம் ஏலத்தோட்டத்தில் வேலை பார்க்கும் 22 வயது இளைஞர் ஒருவரை எடுத்துக் கொள்வோம். திருவிழா இரவில் நடந்த கைகலப்பில் அவர் பெயர் 5-வது எதிரியாகச் சேர்கிறது. போலீஸ் நிலைய ஜாமீனில் அன்றே வெளியே வருகிறார். சில மாதங்களில் தோட்டத்தில் வேலை குறைகிறது. குடும்பத்தோடு மலை இறங்கிப் போடிக்கு வந்து விடுகிறார்.

குற்றப்பத்திரிகை கோர்ட்டுக்குப் போகிறது. கோர்ட்டு சம்மன் அனுப்புகிறது. பழைய லயத்து முகவரியில் ஆள் இல்லை. அடுத்து வாரண்டு. அதற்கும் ஆள் கிடைக்கவில்லை. மற்ற நால்வருக்கும் வழக்கு நடந்து தீர்ப்பும் வந்து விடுகிறது. இவருடைய வழக்கு மட்டும் தனியாகப் பிரிக்கப்பட்டு, நீண்ட நாள் நிலுவையில் உள்ள வாரண்டு பட்டியலில் போய்ச் சேருகிறது.

ஐந்து வருடம் கழித்து அவர் பாஸ்போர்ட்டுக்கு மனுச் செய்கிறார். விசாரணைக்கு வந்த போலீஸ்காரரிடம், "அது அன்னைக்கே முடிஞ்சு போச்சுங்க சார்" என்கிறார். "முடியலே தம்பி. உன் பேர்ல வாரண்டு நிக்குது" என்று பதில் வருகிறது.

இதில் அவர் ஓடி ஒளியவில்லை. பிழைப்பைத் தேடி இடம் மாறினார், அவ்வளவுதான். ஆனால் ஆவணத்தில் அவர் கோர்ட்டுக்கு வராதவர். கோர்ட்டு அனுப்பும் தாள் பெரும்பாலும் மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ இருப்பதால், அது கைக்கு வந்தாலும் படிக்கத் தெரியாமல் கூரை இடுக்கில் செருகி வைத்து விடுகிற முதியவர்களும் உண்டு. போலீஸ் நிலையங்களைக் கம்ப்யூட்டரால் இணைக்கும் திட்டத்தை மத்திய அரசு 2009-ம் ஆண்டில் தொடங்கியது. "அது கேரளத்துக் கேஸ், தமிழ்நாட்டில் தெரியாது" என்ற பழைய தைரியம் இனிச் செல்லாது.

பாஸ்போர்ட் சட்டம் என்ன சொல்கிறது?

பாஸ்போர்ட்டை எப்போது மறுக்கலாம் என்பதை 1967-ம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டத்தின் 6-வது பிரிவு வகுத்திருக்கிறது. வழக்கு உள்ளவர்களைப் பொறுத்த வரையில் முக்கியமானவை மூன்று.

முதலாவது, தண்டனை. மனுச் செய்வதற்கு முந்தைய 5 ஆண்டுகளுக்குள், ஒழுக்கக்கேடான குற்றத்துக்காக 2 ஆண்டுகளுக்குக் குறையாத சிறைத் தண்டனை பெற்றிருந்தால் பாஸ்போர்ட் மறுக்கலாம். தண்டனை அதற்குக் குறைவாக இருந்தாலோ, தீர்ப்பு வந்து 5 ஆண்டு கடந்திருந்தாலோ இந்தத் தடை பொருந்தாது. 2021-ம் ஆண்டில் சுப்ரீம் கோர்ட்டு ஒரு பாஸ்போர்ட் புதுப்பிப்பு வழக்கில் இதை வலியுறுத்தியது. அப்பீல் நிலுவையில் இருப்பதை மட்டும் காரணமாகக் காட்டி அந்த மனுதாரருக்கு மறுக்கக் கூடாது என்று உத்தரவிட்டது.

இரண்டாவது, நிலுவை வழக்கு. கிரிமினல் கோர்ட்டில் வழக்கு நடந்து கொண்டிருந்தால் மறுக்கலாம். இங்கே அது பெரிய வழக்கா, சின்ன வழக்கா என்ற கேள்வி இல்லை. தீர்ந்து போன பெரிய வழக்கை விட, தீராமல் கிடக்கும் சின்ன வழக்கு அதிகத் தொல்லை கொடுப்பது இதனால்தான்.

மூன்றாவது, வாரண்டு, சம்மன், அல்லது நாட்டை விட்டுப் போகக் கூடாது என்ற கோர்ட்டு உத்தரவு நிலுவையில் இருப்பது.

போலீசில் முதல் தகவல் அறிக்கை பதிவாகியிருக்கிறது, விசாரணை நடக்கிறது என்பது மட்டும் "கோர்ட்டில் நிலுவை" ஆகாது. கோர்ட்டு வழக்கை ஏற்றுக்கொண்டிருக்க வேண்டும். வெளிநாட்டு அமைச்சகம் 2019-ம் ஆண்டு அக்டோபர் 10-ந் தேதி அனுப்பிய சுற்றறிக்கையில் இதைத் தெளிவுபடுத்தியிருக்கிறது.

பாலக்காடு எம்.பி.யும் பாஸ்போர்ட் உரிமையும்

1967-ம் ஆண்டுக்கு முன்பு இந்தியாவில் பாஸ்போர்ட் கொடுப்பதும் மறுப்பதும் அதிகாரிகளின் விருப்பம். அந்த ஆண்டு ஏப்ரல் 10-ந் தேதி, வெளிநாடு போகும் உரிமை அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவில் சொல்லப்படும் தனிமனித சுதந்திரத்தில் அடங்கியது என்று சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. அதன் பிறகுதான் பாஸ்போர்ட் சட்டமே வந்தது.

இதில் பாலக்காட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1950-ம் ஆண்டில், விசாரணை இல்லாமல் காவலில் வைக்கப்பட்ட கம்யூனிஸ்டுத் தலைவர் ஏ.கே.கோபாலன், சென்னை அரசுக்கு எதிராக சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். சட்டசபையோ பாராளுமன்றமோ இயற்றிய சட்டத்தின் முறைப்படி ஒருவரை அடைத்தால், அந்த முறை நியாயமானதா என்று கேட்பதற்கில்லை என்ற கருத்தில் கோர்ட்டு தீர்ப்புக் கூறிவிட்டது. அந்தக் கோபாலனே 1971-ம் ஆண்டு தேர்தலில் பாலக்காடு தொகுதியின் எம்.பி.யாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1977-ம் ஆண்டு மார்ச்சு மாதம் காலமானார்.

அதே 1977-ம் ஆண்டு ஜூலை மாதம் மேனகா காந்தியின் பாஸ்போர்ட் முடக்கப்பட்டது. காரணமும் சொல்லப்படவில்லை. 1978-ம் ஆண்டு ஜனவரி 25-ந் தேதி வந்த தீர்ப்பில், ஒருவருடைய சுதந்திரத்தைப் பறிக்கும் முறை நியாயமாகவும் நேர்மையாகவும் இருக்க வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு கூறியது. கோபாலன் வழக்கில் தோற்ற வாதம், அவர் மறைந்த மறு ஆண்டு ஒரு பாஸ்போர்ட் வழக்கில் வென்றது.

இந்தப் பழைய கதைக்கு இன்றும் பயன் உண்டு. பாஸ்போர்ட்டை மறுத்தால், சட்டம் விலக்களித்த சில சந்தர்ப்பங்கள் தவிர, காரணத்தை எழுத்தில் கேட்டுப் பெறலாம். 30 நாட்களுக்குள் அப்பீல் செய்யலாம். "இல்லை" என்று ஜன்னலில் சொன்னதோடு திரும்பி வர வேண்டியதில்லை.

நிலுவை வழக்கு இருந்தாலும் வழி உண்டு

வழக்கு நடந்து கொண்டிருக்கும்போது அவசியமாக வெளிநாடு போக வேண்டியவர்கள், அந்த வழக்கு நடக்கும் கோர்ட்டிலேயே அனுமதி கேட்கலாம். 1993-ம் ஆண்டு ஆகஸ்டு 25-ந் தேதி மத்திய அரசு வெளியிட்ட அறிவிப்பு இதற்கு இடம் கொடுக்கிறது. கோர்ட்டு எத்தனை காலத்துக்கு அனுமதிக்கிறதோ அத்தனை காலத்துக்குப் பாஸ்போர்ட் கிடைக்கும். உத்தரவில் காலம் குறிப்பிடவில்லை என்றால் ஓராண்டுக்குக் கிடைக்கும்.

ஓராண்டு பாஸ்போர்ட்டை வைத்துக் கொண்டு இரண்டு, மூன்று ஆண்டு ஒப்பந்த வேலைக்கு விசா வாங்குவது கடினம். ஆகவே மனுவிலேயே வேலை ஒப்பந்தத்தை இணைத்து, தேவைப்படும் காலத்தைக் குறிப்பிட்டுக் கேட்கும்படி வக்கீலிடம் சொல்ல வேண்டும்.

வாரண்டு நிலுவையில் இருந்தால், வக்கீலுடன் கோர்ட்டில் ஆஜராகி அதைத் திரும்பப் பெறும்படி மனுப் போடுவதே வழி. பயந்து ஒதுங்கி இருக்கும் ஒவ்வொரு வருடமும் அந்த மனுவின் பலத்தைக் குறைக்கும்.

அபராதம் கட்டினால் முடிந்ததா?

"ஒப்புக்கொண்டு அபராதத்தைக் கட்டி விடு, அரை நாளில் வீட்டுக்குப் போகலாம்" என்ற யோசனை கோர்ட்டு வாசலில் இலவசமாகக் கிடைக்கும். ஒரு நாள் கூலி போனால் அடுப்பு எரியாத குடும்பத்துக்கு அது நல்ல யோசனையாகவே தோன்றும்.

ஆனால் கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 500 ரூபாய் கட்டினாலும் அது தண்டனைத் தீர்ப்புதான். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு அது தடை ஆகாது. ஆனால் வெளிநாட்டு விசாப் படிவம், "எப்போதாவது தண்டிக்கப்பட்டதுண்டா?" என்று கேட்கும்போது "ஆம்" என்றுதான் எழுத வேண்டும். சாலையில் ஹெல்மெட் இல்லாமல் பிடிபட்டு, வழக்கு கோர்ட்டுக்குப் போகாமல் சமரசத் தொகை கட்டுவது வேறு. அது தண்டனைத் தீர்ப்பு அல்ல.

செய்த தவறை ஒப்புக்கொள்வதில் கேவலம் இல்லை. செய்யாததை, வேலைக்குப் போகும் அவசரத்தில் ஒப்புக்கொள்ள வேண்டாம் என்பதே சொல்ல வந்தது. முதல் முறை தவறியவர்களை நன்னடத்தை உறுதியின் பேரில் விட 1958-ம் ஆண்டு சட்டம் ஒன்று இருக்கிறது. அதன்படி விடப்பட்டவரைத் தண்டனைத் தீர்ப்பால் வரும் தகுதியின்மை பாதிக்காது. 18 வயதுக்குள் நடந்த தவறுகளுக்கு 2015-ம் ஆண்டு சிறார் நீதிச் சட்டம் பெரும்பாலும் அதே பாதுகாப்பைத் தருகிறது. ஆவணங்களையும் அழிக்கச் சொல்கிறது. இவற்றை மாஜிஸ்திரேட்டிடம் கேட்காமல் விடுகிறவர்களே அதிகம்.

நாட்டுக்கு நாடு வேறுபாடு

பாஸ்போர்ட் நம் நாடு கொடுப்பது. விசா அந்த நாடு கொடுப்பது. ஒன்று கிடைத்ததால் மற்றது கிடைத்து விடும் என்று எண்ணக் கூடாது.

வளைகுடா நாடுகளின் விதி அடிக்கடி மாறுகிறது. ஐக்கிய அரபு நாடு 2018-ம் ஆண்டு பிப்ரவரியில் வேலை விசாவுக்கு நன்னடத்தைச் சான்றிதழ் கேட்டது. ஏப்ரலில் நிறுத்தி வைத்தது. சவூதி அரேபியா 2022-ம் ஆண்டு இந்தியர்களிடம் போலீஸ் சான்றிதழ் கேட்கத் தொடங்கி, அந்த ஆண்டு நவம்பரிலேயே விலக்களித்தது. போன வருடம் போய் வந்த அண்ணன் சொல்வதை நம்பாமல், அந்தந்த நேரத்து விதியைக் கேட்டுத் தெரிந்து கொள்ள வேண்டும்.

இங்கிலாந்து, 12 மாதமோ அதற்கு மேலோ சிறைத் தண்டனை பெற்றவருக்கு விசா மறுக்கிறது. மருத்துவமனை வேலைக்குப் போகும் நர்சுகள், முந்தைய 10 ஆண்டுகளில் மொத்தம் 12 மாதம் வசித்த ஒவ்வொரு நாட்டில் இருந்தும் குற்றப்பதிவுச் சான்றிதழ் கொடுக்க வேண்டும். ஆஸ்திரேலியாவிலும் 12 மாதத் தண்டனைதான் எல்லைக்கோடு. பல தண்டனைகள் இருந்தால் அவற்றைக் கூட்டிப் பார்க்கிறார்கள்.

கனடாவில், பெரிது அல்லாத ஒரே குற்றமாக இருந்தால், தண்டனை முடிந்து 10 ஆண்டு கழித்துத் திருந்தியவராகவே கருதுகிறார்கள். ஆனால் குடித்துவிட்டு வண்டி ஓட்டுவதை 2018-ம் ஆண்டு டிசம்பர் முதல் அங்கே கடுமையான குற்றமாக ஆக்கி விட்டார்கள். இங்கே "அது ஒரு கேசா?" என்று சிரிக்கும் விஷயம் அங்கே கதவை அடைக்கிறது.

அமெரிக்காவில் ஒரே ஒரு சிறு குற்றத்துக்கு விலக்கு உண்டு. அதற்கு அதிகபட்சத் தண்டனை ஓராண்டுக்கு மேற்படாததாகவும், விதித்த தண்டனை 6 மாதத்துக்கு மேற்படாததாகவும் இருக்க வேண்டும். ஆனால் போதைப்பொருள் வழக்கு என்றால் மிகக் கடுமை. கம்பம்மெட்டில் பிடிபட்ட ஒரு சிறு பொட்டலம் ஒருவரின் ஆயுள் முழுவதும் கூடவே வரக் கூடும்.

குற்றவாளிகளை விலக்கும் இதே உலகம் ஒரு காலத்தில் குற்றவாளிகளைக் கப்பல் ஏற்றி அனுப்பியதையும் நினைத்துப் பார்க்கலாம். 1788 முதல் 1868 வரை பிரிட்டனில் இருந்து சுமார் 1 லட்சத்து 60 ஆயிரம் கைதிகள் ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தப்பட்டார்கள். 1825-ம் ஆண்டு முதல் சிங்கப்பூருக்குக் கொண்டு போகப்பட்ட இந்தியக் கைதிகளில் சென்னை ராஜதானியைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள். அங்குள்ள புனித ஆண்ட்ரூஸ் பேராலயம் கைதிகளின் உழைப்பில் எழுந்தது. 1873-ல் அந்தக் கைதி முகாம் கலைக்கப்பட்டபோது, ஊர் திரும்பாமல் அங்கேயே குடும்பமாகத் தங்கியவர்கள் பலர். தவறு செய்தவன் வேறு மண்ணில் நல்லபடியாக வாழ்வான் என்பதற்கு அதை விடச் சான்று வேண்டியதில்லை.

மறைத்தால் வரும் வினை

வழக்கால் வரும் தடைக்கு ஒரு காலவரையறை உண்டு. பொய்யால் வரும் தடைக்குச் சில நாடுகளில் முடிவே இல்லை. விசா மனுவில் பொய் சொன்னால் கனடா 5 ஆண்டு தடை விதிக்கிறது. ஏமாற்றியதாகக் கண்டால் இங்கிலாந்து 10 ஆண்டு வரை மறுக்கும். அமெரிக்காவில் விசேஷ விலக்கு கிடைத்தாலன்றி நிரந்தரத் தடை. இந்தியப் பாஸ்போர்ட் மனுவில் தெரிந்தே பொய்த் தகவல் கொடுத்தால் 2 ஆண்டு வரை சிறையோ, 5 ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு. 500 ரூபாய் அபராத வழக்கை மறைக்கப் போய், புதிதாக ஒரு பெரிய வழக்கைச் சம்பாதித்தவர் ஆவோம்.

எல்லையில் இன்னொரு பழக்கமும் இருக்கிறது. கேரளத்தில் வழக்கு இருந்தால் தேனி முகவரியிலும், தமிழ்நாட்டில் வழக்கு இருந்தால் கேரள முகவரியிலும் மனுச் செய்வது. கடந்த ஓராண்டில் தங்கியிருந்த முகவரிகளை மனுவில் சொல்ல வேண்டும். அதை விட்டு விடுவதும் மறைப்புதான். "நாங்கள் பார்த்துக் கொள்கிறோம், கையெழுத்து மட்டும் போடு" என்று சொல்லும் ஏஜெண்டு மாட்டிக் கொள்வதில்லை. கையெழுத்துப் போட்டவரே மாட்டிக் கொள்கிறார்.

செய்ய வேண்டியவை

வெளிநாடு போகும் எண்ணம் வந்தவுடன், ஏஜெண்டிடம் முன்பணம் கொடுப்பதற்கு முன்பு, பழைய வழக்கின் நிலையைப் பார்க்க வேண்டும். விடுதலை ஆனவர்கள் தீர்ப்பின் சான்றிட்ட நகலை வாங்கி வைக்க வேண்டும். விடுதலை ஆன பின்பும் போலீஸ் பதிவில் "நிலுவை" என்றே இருந்தால், அந்த நகலைக் கொடுத்துத் திருத்தக் கோரலாம்.

வெளிநாட்டுக்கான போலீஸ் சான்றிதழைப் பாஸ்போர்ட் அலுவலகம் மூலமாகத்தான் பெற வேண்டும். அப்படிப்பட்ட சான்றிதழை மாநில போலீஸ் கொடுப்பதில்லை என்று கேரள போலீஸ் 2022-ம் ஆண்டில் தெளிவுபடுத்தியது. உள்ளூர் நிலையத்தில் வாங்கித் தருவதாகச் சொல்லிப் பணம் கேட்பவரிடம் எச்சரிக்கை தேவை.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லை என்பவர்களுக்கு 1987-ம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணையச் சட்டம் இருக்கிறது. பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், தொழிற்சாலைத் தொழிலாளர்கள் ஆகியோர் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் கேட்கலாம். தாலுகாக்களிலும் சட்டப்பணிக் குழுக்கள் உள்ளன. 15100 என்ற எண்ணுக்கு டெலிபோன் செய்தும் கேட்கலாம்.

மொழி தெரியாது என்று தயங்கவும் வேண்டாம். 1969-ம் ஆண்டு கேரள ஆட்சிமொழிச் சட்டப்படி, மொழிச் சிறுபான்மைப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ள மாநில அரசு அலுவலகங்களுக்குத் தமிழர்கள் தமிழிலேயே எழுதலாம். கேட்டுப் பெறாத உரிமை ஏட்டில்தான் இருக்கும்.

தோட்டத் தொழிற்சங்கங்களும் ஊர் வாசகசாலைகளும் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோர்ட்டில் இருந்து வந்த தாள்களைப் படித்துச் சொல்ல ஒரு வக்கீலை அழைத்து உட்கார வைத்தால் போதும். கூரையில் செருகிக் கிடக்கும் எத்தனையோ சம்மன்கள் வாரண்டாக மாறாமல் தடுக்கலாம். பிள்ளைகளின் பாஸ்போர்ட்டுக்கு மனு எழுத உட்காரும் தாய் தந்தையர், முதலில் அந்தத் தாள்களை வெளியே எடுத்துப் பார்ப்பது நல்லது.